பாடசாலைக்கு வரும் பொலிஸ் மாமா: யாருடைய பணத்தில், என்ன பயனுக்கு?

வன்னிக் கிராமமொன்றில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் மாதாந்தக் கூட்டம். சுழற்சிக் கடன் கணக்கு வாசித்து முடிந்தது. கோழிக்குஞ்சு யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற வழக்கமான முணுமுணுப்பும் அடங்கியது. அதன் பின்னர் செயலாளர் ஒரு கடிதத்தை எடுத்து வாசித்தார். ஊர்ப் பாடசாலையில் தரம் 6 முதல் 9 வரையான பிள்ளைகளுக்குப் போதைப்பொருள் தவிர்ப்பு, குழுச் சண்டைத் தவிர்ப்பு என்பன பற்றிப் பொலிஸார் வகுப்பு நடத்த முன்வந்திருக்கிறார்கள். பதாகை, பிள்ளைகளுக்கான ரீசேட், சான்றிதழ் அச்சிடல், சிற்றுண்டி ஆகியவற்றுக்குச் சங்கம் 60,000 ரூபா தந்துதவ வேண்டும். இதுதான் கடிதத்தின் சாரம்.

அறுபதாயிரம் ரூபா என்பது அந்தச் சங்கத்துக்குச் சிறிய தொகை அல்ல. கடன் வட்டியாகவும் சந்தாவாகவும் பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த பணம் அது. அங்கத்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் கணவரை இழந்தவர்கள், அல்லது கணவர் எங்கே என்று இன்றுவரை தெரியாதவர்கள்.

"குடுப்பம். காசா பெரிசு? பிள்ளையள் கெட்டுப் போகாமல் இருந்தால் போதும்" என்றார் ஒரு தாய். அவரது தமக்கையின் மகன் ஐஸ் பாவித்துப் பிடிபட்டு விளக்கமறியலில் இருக்கிறான் என்று பக்கத்தில் இருந்தவர் காதோடு சொன்னார்.

"பொலிஸைக் கண்டால் என்ர பெடியன் வாயே திறக்கமாட்டான், அக்கா" என்றார் இன்னொருவர். "சண்டை முடிஞ்சு பிறந்த பிள்ளைதான். அவன் ஒண்டையும் காணேல்ல. ஆனா நான் பயப்பிடுறதைப் பார்த்துப் பார்த்து அவனும் பழகீட்டான்."

பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "நீங்கள் புத்தகத்தில எழுதுறவ. சொல்லுங்கோ, குடுக்கிறதோ, விடுறதோ?"

அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன் என்று தவணை வாங்கிக்கொண்டு வந்தேன். நல்ல நோக்கத்தோடு கேட்கப்படும் பணத்தை மறுப்பதற்கு மனம் வராது. கொடுத்துவிட்டுப் பயனில்லை என்று பின்னர் அறிந்தால் அதுவும் உறுத்தும். ஆகவே, இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தவர்கள் யாராவது உண்டா என்று தேடினேன். பொலிஸாரை வகுப்பறைக்கு அனுப்பி, அதற்குக் கோடிக்கணக்கில் செலவழித்து, பின்னர் அதே பிள்ளைகளைப் பத்து வருடம் பின்தொடர்ந்து விளைவை அளந்தும் பார்த்த நாடு ஒன்று இருக்கிறது. அது அமெரிக்கா.

லொஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய கதை

1970களிலும் 80களின் தொடக்கத்திலும் லொஸ் ஏஞ்சலிஸ் நகரப் பொலிஸார் இளவயது உத்தியோகத்தர்களை மாணவர் வேடத்தில் உயர்தரப் பாடசாலைகளுக்குள் அனுப்பி, போதைப்பொருள் விற்கும் மாணவரைப் பிடித்து வந்தார்கள். பிடிக்கப் பிடிக்கப் புதியவர்கள் முளைத்தார்களே தவிர, விற்பனை குறையவில்லை. பிடிப்பதை விட, பிள்ளைகள் தொடாமல் இருக்கப் பழக்குவதே மேல் என்ற முடிவுக்கு நகரப் பொலிஸ் தலைவர் டரில் கேட்ஸ் வந்தார். 1983இல் நகரின் கல்வித் திணைக்களத்துடன் சேர்ந்து அவர் ஆரம்பித்த திட்டத்தின் பெயர் 'டெயார்'. துணிந்து நில் என்று பொருள் கொள்ளலாம்.

முதலில் பத்து உத்தியோகத்தர்கள் ஐம்பது ஆரம்பப் பாடசாலைகளுக்குப் போனார்கள். வாரத்துக்கு ஒரு பாடமாகப் பதினேழு வாரங்கள். சீருடையுடன் வரும் பொலிஸ் உத்தியோகத்தரே ஆசிரியர். அவருக்கு முன்கூட்டியே 80 மணித்தியாலப் பயிற்சி. கேட்போர் பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைகள், எமது கணக்கில் புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் வயதினர். போதைப்பொருள்களின் பெயர், அவற்றின் தீமை, நண்பன் நீட்டினால் வேண்டாம் என்று சொல்லும் வழிகள், தன்னம்பிக்கை, குழுக்களில் சேராதிருத்தல் என்று பாடங்கள் போகும். இறுதியில் ஒவ்வொரு பிள்ளையும் கட்டுரை எழுதி, உறுதிமொழி எடுத்து, மேடையில் சான்றிதழ் வாங்கும். கறுப்பு ரீசேட்டில் சிவப்பு எழுத்து. சிங்கப் பொம்மை ஒன்றும் உண்டு.

பெற்றோருக்குப் பிடித்தது. அதிபர்களுக்குப் பிடித்தது. பொலிஸாருக்கு மிகவும் பிடித்தது. பிள்ளைகளுக்கோ, கணக்குப் பாடத்துக்குப் பதிலாக ஒரு மாமா வந்து கதை சொன்னால் பிடிக்காமலா போகும்? சில ஆண்டுகளிலேயே நாடு முழுவதும் பரவியது. உச்சத்தில் இருந்த காலத்தில் அமெரிக்கப் பாடசாலை மாவட்டங்களில் நான்கில் மூன்றுக்கு மேற்பட்டவை இதை நடத்தின. பிற நாடுகளும் எடுத்துக்கொண்டன.

பணம் எங்கிருந்து வந்தது

எமது சங்கத்துக் கடிதத்தை மனதில் வைத்துக்கொண்டு இந்தப் பகுதியை வாசியுங்கள்.

1986இல் அமெரிக்கப் பாராளுமன்றமான கொங்கிரஸ், பாடசாலைகளைப் போதைப்பொருளற்ற இடங்களாக்கும் சட்டமொன்றை இயற்றி, மாநிலங்களுக்கு மானியம் ஒதுக்கியது. பின்னர் அதில் ஒரு திருத்தம் வந்தது. மாநில ஆளுநரிடம் போகும் பங்கில் பத்தில் ஒன்றை, சீருடையணிந்த பொலிஸார் கற்பிக்கும் டெயார் போன்ற திட்டங்களுக்கே கொடுக்க வேண்டும் என்பது அத்திருத்தம். பயன் தருகிறதா என்று பார்க்கும் முன்னரே பணத்துக்கு வழி வெட்டியாயிற்று. இது போதாதென்று கம்பனிகள் நன்கொடை தந்தன. போதைப்பொருள் வியாபாரிகளிடம் பறிமுதல் செய்யப்பட்ட சொகுசுக் கார்களுக்கு டெயார் என்று பெயர் எழுதி, பொலிஸார் பாடசாலை முற்றத்துக்கு ஓட்டி வந்தார்கள். பெற்றோர் சங்கங்கள் கேக் விற்று ரீசேட் வாங்கிக் கொடுத்தன.

ஆண்டொன்றுக்கு மொத்தச் செலவு எவ்வளவு? திட்டத்தை நடத்துவோர் சொன்ன தொகை சில நூறு மில்லியன் டொலர். 2001இல் எட்வர்ட் ஷெப்பர்ட் என்ற பொருளியல் பேராசிரியர் வேறு விதமாகக் கணக்குப் போட்டார். பாடம் எடுக்கும் பொலிஸ்காரருக்குச் சம்பளம் போகிறதல்லவா, அதையும் சேர்க்க வேண்டாமா என்று கேட்டார். சேர்த்தபோது நூறு கோடி டொலரைத் தாண்டியது. ரீசேட்டும் புத்தகமும் அதில் சிறு பங்கு. பெரும் பங்கு, ரோந்து போகாமல் வகுப்பறையில் நின்ற பொலிஸாரின் மணித்தியாலங்கள்.

"பொலிஸார் இலவசமாக வருகிறார்கள், நாம் சிற்றுண்டிக்கு மட்டும் கொடுத்தால் போதும்" என்று எவராவது சொன்னால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளலாம்.

அளந்து பார்த்தபோது

வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளிடம் கேட்டால் "போதைப்பொருள் கூடாது" என்றுதான் சொல்லும். அதைக் கேட்டு மகிழ்ந்து போவது இயல்பு. ஆய்வாளர்கள் கேட்ட கேள்வி வேறு. வகுப்பில் இருந்த பிள்ளைகளையும், இராத பிள்ளைகளையும் சில ஆண்டுகள் கழித்து ஒப்பிட்டால், பாவனையில் வித்தியாசம் இருக்கிறதா?

அமெரிக்க நீதித் திணைக்களமே பணம் கொடுத்துச் செய்வித்த ஆய்வொன்று, அதுவரை நடந்த எட்டு மதிப்பீடுகளைச் சேர்த்துப் பார்த்தது. அறிவில் சிறிது முன்னேற்றம், பாவனையில் சொல்லத்தக்க மாற்றமில்லை என்பது முடிவு. திணைக்களம் அதை வெளியிடவில்லை. 1994இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார சஞ்சிகை வெளியிட்டது. பணம் கொடுத்தவருக்கே விடை கசந்தது என்று கொள்ளலாம்.

1998இல் இலினோய் மாநிலத்தில் 1,798 மாணவரை ஆறு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு வெளிவந்தது. நகரப்புற, கிராமப்புறப் பிள்ளைகளில் மாற்றமில்லை. வசதியான புறநகர்ப் பிள்ளைகளிடையே, டெயார் படித்தவர்களில் பாவனை சற்றுக் கூடுதலாக இருந்தது. 1999இல் கென்டக்கியிலிருந்து வந்த ஆய்வு இன்னும் நீண்டது. தரம் 6இல் இருந்த ஆயிரம் பிள்ளைகளை இருபது வயதில் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். சிகரெட், மது, கஞ்சா, வேறு போதைப்பொருள் எதிலும் வித்தியாசம் இல்லை.

2001இல் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி, இளைஞர் வன்முறை பற்றிய தமது அறிக்கையில், பயனற்ற திட்டங்களின் வரிசையில் டெயாரைச் சேர்த்தார். 2003இல் கொங்கிரஸின் கணக்காய்வு அலுவலகமும் அதையே சொன்னது. சோல்ட் லேக் சிற்றி நகர மேயர் 2000இலேயே நிதியை நிறுத்தியிருந்தார். பெற்றோரும் பொலிஸாரும் கொதித்தெழுந்தார்கள். அவர் அசையவில்லை.

ஏன் பலிக்கவில்லை? பத்து வயதுப் பிள்ளைக்கு எவரும் ஐஸ் நீட்டுவதில்லை. நீட்டும் வயது வரும்போது அந்தப் பாடம் பழங்கதையாகிவிடும். நீட்டுபவனும் பாடத்தில் காட்டிய முகமறியாத கெட்டவன் அல்ல. பந்து விளையாடும் கூட்டாளி, சில வேளை மச்சான். அத்தோடு, பதினேழு வாரம் இதைப்பற்றியே கேட்கும் பிள்ளைக்கு 'எல்லோரும் பாவிக்கிறார்கள் போலும், நான் மட்டும்தான் இல்லை' என்று தோன்றவும் கூடும். இது எனது ஊகம் மட்டுமல்ல, ஆய்வாளர்கள் பலர் முன்வைத்த விளக்கம்.

டெயார் அமைப்பு தன்னை மாற்ற முயன்றது என்பதையும் சொல்ல வேண்டும். 2001இல் ஒரு தர்ம நிதியம் 13.7 மில்லியன் டொலர் கொடுத்துப் புதிய பாடத்திட்டம் தயாரிப்பித்தது. 2009இல் முடிவு வந்தது. ஏற்கனவே கஞ்சா பாவித்த பிள்ளைகளுக்குச் சிறு நன்மை, ஆனால் சிகரெட்டும் மதுவும் தொடாதிருந்த பிள்ளைகளில் தொட்டவர் தொகை கூடியது. அந்தப் பாடத்திட்டம் கைவிடப்பட்டது. அதே ஆண்டில், அரிசோனாவில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆசிரியர்களைக் கொண்டு கற்பிப்பதற்காக உருவாக்கியிருந்த வேறொரு பாடத்திட்டத்தை டெயார் ஏற்றுக்கொண்டது. விரிவுரை குறைவு, பிள்ளைகள் தாமே பேசி நடித்துப் பழகுவது அதிகம். அண்மை ஆண்டுகளில் மதுப் பாவனையில் அதனால் சிறிது பலன் உண்டு என்று சில ஆய்வுகள் கூறியிருக்கின்றன. அந்தச் சிறு பலன் வருவதற்கும் பல வாரத் தொடர் வகுப்பு வேண்டியிருந்தது.

குழுக்களில் சேராதிருக்க

வாள்வெட்டுக் குழு என்ற சொல் வடக்கில் இப்போது சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆகவே அமெரிக்காவின் மற்றத் திட்டத்தையும் சொல்கிறேன். அதன் பெயர் 'கிரேட்'. 1991இல் அரிசோனாவின் பீனிக்ஸ் நகரப் பொலிஸாரும் மத்திய அரசின் ஆயுதக் கட்டுப்பாட்டுப் பிரிவும் சேர்ந்து தொடங்கினார்கள். இதுவும் சீருடைப் பொலிஸார் நடத்துவது.

முதல் மதிப்பீடு 1990களில் ஆறு நகரங்களில் நடந்தது. குழுவில் சேருவது குறையவில்லை. இங்கேதான் கிரேட், டெயாரிலிருந்து வேறுபடுகிறது. குறை சொன்ன ஆய்வாளர்களையே கூப்பிட்டு வைத்து, பாடங்களைத் திருத்தி எழுதினார்கள். ஒன்பதாக இருந்த பாடங்கள் பதின்மூன்றாகின. அறிவுரை குறைந்து, கோபத்தை அடக்குதல், சண்டையைத் தவிர்த்து விலகுதல் போன்றவற்றில் பயிற்சி கூடியது. 2006 முதல் ஏழு நகரங்களில் 3,820 பிள்ளைகளை மீண்டும் பின்தொடர்ந்தார்கள். ஓராண்டின் பின் குழுவில் சேரும் வாய்ப்பு 39 வீதம் குறைந்திருந்தது. நான்கு ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தபோது 24 வீதம். ஆனால் குற்றச் செயல்களும் அடிதடியும் குறையவில்லை. பொலிஸார் மீதான பிள்ளைகளின் எண்ணம் சற்று நல்லதாயிற்று.

ஆகவே பொலிஸ்காரர் வந்தாலே பயனில்லை என்று நான் எழுதிவிட முடியாது. பாடத்தை அளந்து, குறையை ஏற்று, திருத்தினால் ஏதோ ஒன்று கிடைக்கிறது. ஒரு நாள் கருத்தரங்கும் ரீசேட்டும் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல.

சீருடை

அந்தத் தாய் சொன்ன விடயத்துக்கு வருகிறேன். எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது.

டரில் கேட்ஸின் பொலிஸார் ஒரு பக்கம் வகுப்பறையில் சிங்கப் பொம்மையுடன் நின்றார்கள். மறுபக்கம், 1988 ஏப்ரலில், குழு ஒழிப்பு நடவடிக்கை என்ற பெயரில் நகரின் தென்பகுதியில் ஒரே வார இறுதியில் ஆயிரத்துக்கும் அதிகமானோரை வளைத்துப் பிடித்தார்கள். பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இன இளைஞர்கள். பலர் குற்றச்சாட்டு எதுவுமின்றி விடுவிக்கப்பட்டார்கள். 1990இல் செனட் சபைக் குழுவின் முன் பேசிய கேட்ஸ், எப்போதாவது போதைப்பொருள் பாவிப்பவர்களைக்கூடச் சுட வேண்டும் என்ற கருத்தைச் சொன்னார். 1991இல் கறுப்பினத்தவர் ஒருவரை அவரது பொலிஸார் அடித்த காட்சி தொலைக்காட்சிகளில் ஓடியது. அடித்தவர்களை 1992இல் நீதிமன்றம் தண்டிக்காமல் விட்டதும் நகரம் எரிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த ஆண்டே கேட்ஸ் பதவி விலகினார்.

அண்ணனை வீதியில் குப்புறப் படுக்கவைத்த சீருடையே மறுநாள் வகுப்பில் "என்னை நம்பு" என்று சொன்னால் தம்பி எதை நம்புவான்? எமது பெண்கள் இதைப் புரிந்துகொள்ள விளக்கம் தேவையில்லை.

இன்னொன்றும் உண்டு. டெயார் வகுப்புகளில் ஒரு பெட்டி வைக்கப்பட்டிருக்கும். பிள்ளைகள் பெயர் எழுதாமல் கேள்விகளையும் கவலைகளையும் எழுதிப் போடலாம். நல்ல யோசனைதான். ஆனால் பெட்டியைத் திறப்பவர் பொலிஸ்காரர். சில இடங்களில் பிள்ளைகள் வீட்டில் நடப்பதைச் சொல்லி, தாய் தகப்பன் கைதானார்கள். 1991இல் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி, தன் பெற்றோர் கஞ்சா பாவிப்பதை நிறுத்த உதவி கிடைக்கும் என்று நம்பி டெயார் உத்தியோகத்தரிடம் சொன்னாள். வீடு சோதனையிடப்பட்டது, பெற்றோர் கைதானார்கள். அவளை நடத்திய விதம் பற்றிய வழக்கு மத்திய நீதிமன்றம்வரை போனது. சட்டப்படி பொலிஸ் செய்தது சரியோ பிழையோ, உதவி கேட்ட பிள்ளை வீட்டைக் காட்டிக் கொடுத்த பிள்ளையாகிவிட்டது. எமது ஊர்களில் கசிப்பு வடிக்கும் வீடுகளிலும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வேறு எதற்குப் பணம் கொடுக்கலாம்

போதைப்பொருள் மற்றும் குற்றங்களுக்கான ஐக்கிய நாடுகள் அலுவலகம் 2013இல் தடுப்பு வேலைக்கான சர்வதேச நியமங்களை வெளியிட்டது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி எழுதியது அது. பாடசாலைகளில் பலன் தராதவை என அது சொல்பவற்றில் சில எமக்கு மிகவும் பழக்கமானவை: விரிவுரை மட்டும் செய்தல், பயமுறுத்தல், முன்னர் பாவித்தவரை மேடையேற்றிக் கதை சொல்ல வைத்தல், பொலிஸாரைக் கொண்டு கற்பித்தல். அழுகிய நுரையீரல் படத்தைக் காட்டி முடிக்கும் எமது கருத்தரங்குகளுக்கு இதில் எதுவும் தப்பாது.

பலன் தந்தவை கவர்ச்சியில்லாதவை. பால்டிமோர் நகரில் 1985இல் தரம் 1 பிள்ளைகளுடன் ஆசிரியர்கள் ஒரு விளையாட்டு விளையாடினார்கள். வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து, அமைதியாகவும் ஒழுங்காகவும் வேலை செய்யும் குழுக்களுக்குச் சிறு பரிசு. போதைப்பொருள் என்ற சொல்லே அதில் கிடையாது. அந்தப் பிள்ளைகள் இருபது வயதை எட்டியபோது தேடிப் பார்த்தார்கள். சாதாரண வகுப்புகளில் படித்த ஆண்களில் 38 வீதமானோர் போதைப் பழக்கத்தால் பாதிக்கப்பட்டிருக்க, விளையாட்டு வகுப்பில் இருந்த ஆண்களில் அது 19 வீதம். செலவோ ஆசிரியரின் பயிற்சியும் ஒரு பெட்டி இனிப்பும்.

தாய்மாரைப் பற்றிய ஒன்றும் உண்டு. அயோவா மாநிலத்தில், விவசாயக் குடும்பங்கள் வாழும் பகுதிகளில், பத்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஏழு மாலைகளுக்கு அழைத்தார்கள். முதல் மணித்தியாலம் பெற்றோர் ஓர் அறையில், பிள்ளைகள் ஓர் அறையில். இரண்டாம் மணித்தியாலம் இருவரும் சேர்ந்து. வீட்டுக் கட்டுப்பாட்டை எப்படிப் பேசித் தீர்ப்பது, கோபத்தில் என்ன செய்வது, பிள்ளை எங்கே போகிறது என்று சண்டையில்லாமல் எப்படிக் கேட்பது என்பவைதான் பாடம். அங்கே பல ஆண்டுகள் கழித்தும் மதுவும் போதையும் குறைவாக இருந்தன. ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் அதையே செய்தபோது அவ்வளவு பலன் கிடைக்கவில்லை. ஆகவே இதையும் மந்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எமது கடற்கரைகளுக்குக் கேரளக் கஞ்சா வள்ளத்தில் வருவதும், நகரங்களில் ஐஸும் போதை மாத்திரையும் கைமாறுவதும், கடைகளில் மாவா விற்பதும் நிற்க வேண்டுமானால் பொலிஸார் வேண்டும்தான். பிடிப்பது அவர்களுடைய வேலை, அதில் அவர்களுக்குப் பயிற்சி இருக்கிறது. வகுப்பறைக்குள் ஒரு பிள்ளையின் மனம் திறக்க ஆசிரியை ஒருவருக்கே பல மாதம் எடுக்கிறது.

இவ்வளவையும் அடுத்த மாதக் கூட்டத்தில் என்னால் முடிந்த அளவு எளிமையாகச் சொன்னேன். சொல்லி முடிய ஒரு மணித்தியாலமானது. இரண்டு பேர் நித்திரையாகிவிட்டார்கள், வயல் வேலை முடித்து வந்தவர்கள். ஆனால் மற்றவர்கள் கேட்ட கேள்விகள் என்னுடைய ஆராய்ச்சியைவிடக் கூர்மையாக இருந்தன. எத்தனை நாள் வருவார்கள்? வருபவருக்குத் தமிழ் தெரியுமா, மொழிபெயர்ப்பாளர் வைப்பார்களா? பொம்பிளைப் பொலிஸ் வருமா? ஒரு பிள்ளை எழுந்து "எங்கட வீட்டில அப்பப்பா குடிக்கிறார்" என்று சொன்னால் என்ன செய்வார்கள்? பிள்ளைகளைப் படம் பிடிப்பார்களா?

ஐஸ் பாவித்துப் பிடிபட்ட பையனின் சித்தி மட்டும் கோபப்பட்டார். "ஆராய்ச்சி, ஆராய்ச்சி எண்டு ஒண்டும் செய்யாமல் இருக்கிறதோ? நாங்கள் ஒருத்தனைக் குடுத்திட்டம்." அவருக்கு நான் சொல்லக்கூடிய பதில் எதுவும் அந்தக் கட்டுரைகளில் இருக்கவில்லை. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்துக்கும், பிள்ளைகள் சம்பந்தமாக 1929 என்ற இலக்கத்துக்கும் பேசலாம் என்று எழுதிக் கொடுத்தேன். பையன் வெளியே வந்த பிறகு அது உதவக்கூடும்.

கடைசியில் சங்கம் இரண்டு தீர்மானங்கள் எடுத்தது. கேட்ட கேள்விகளை எல்லாம் எழுதி அதிபர் மூலம் பொலிஸ் நிலையத்துக்கு அனுப்புவது ஒன்று. பாடசாலை விடும் ஒன்றரை மணிக்கு, சந்தியில் உள்ள கடைப் பக்கம் ஓர் உத்தியோகத்தர் நிற்க வேண்டும், அதற்கு ரீசேட் தேவையில்லை என்றும் அதே கடிதத்தில் ஒரு வரி சேர்த்தார்கள். அந்த வரியைச் சொன்னவர், மகன் வாய் திறக்கமாட்டான் என்று முன்பு சொன்ன அதே தாய்.

அறுபதாயிரம் ரூபாவை ஒரு தவணைக்கு ஒதுக்கி வைப்பது மற்றது. உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் இருவரைக் கொண்டு, மாலை நான்கிலிருந்து ஆறு வரை சங்கக் கட்டடத்தில் பிள்ளைகளை இருத்திப் படிப்பிக்கலாமா என்று பார்க்கப் போகிறார்கள். தாய்மார் தோட்டத்திலும் கடையிலும் இருந்து வருவதற்குள் பிள்ளைகள் தனியே இருக்கும் நேரம் அதுதான். ஆனால் கட்டடத்துக்கு மின்சாரம் இல்லை, அதற்கு யாரைக் கேட்பது என்பதில் பேச்சு நீண்டு கூட்டம் கலைந்தது.

பொலிஸ் நிலையத்திலிருந்து பதில் இன்னும் வரவில்லை.